பழைய சின்ன ஃபிளாட்டைச் சரிசெய்து குடிபோவது எப்படி: எந்த வேலை முதலில், எது கடைசியில்

சென்னை கே.கே. நகரில் நாங்கள் இருவரும் வாங்கிய வீடு 540 சதுர அடி. 1980களில் கட்டிய மூன்று மாடிக் குடியிருப்பில் முதல் மாடி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு குளியலறை, இரண்டு பேர் நின்றால் முழங்கை இடிக்கும் சமையலறை. சாவி கைக்கு வந்த வாரமே பெயிண்ட் நிறம் பார்க்கக் கிளம்பிவிட்டோம். பெயிண்ட் கடைசி வேலை என்பது ஒரு மாதம் கழித்துத்தான் புரிந்தது. பழைய வீட்டில் தண்ணீரும் கரண்டும் சரியாகும்வரை அழகுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்தாலே பாதிப் பணமும் பாதிச் சண்டையும் மிச்சம்.

1. முதலில் தட்டிப் பாருங்கள்

ஒரு சின்ன சுத்தியல், டார்ச், டேப், நோட்டு. இருவருமே போங்கள். சுவரையும் சீலிங்கையும் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல பூச்சு 'டக்' என்று கெட்டியாகச் சொல்லும். உள்ளே பிடிப்பு விட்டுப்போன பூச்சு வெற்றுப் பெட்டியைத் தட்டியதுபோல் ஒலிக்கும். அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். குளியலறை சீலிங், சமையலறை சீலிங், ஜன்னல் மேல் சன்ஷேட் மூன்றையும் நிதானமாகப் பாருங்கள். சிமெண்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிந்தால் மேலே பூசி மறைக்க விடாதீர்கள். பெயர்ந்ததை முழுக்கக் கொத்தி எடுத்து, கம்பித் துருவைப் பிரஷ் போட்டுத் தேய்த்து, துருத்தடுப்பு அடித்து, அதற்கென்றே விற்கும் பாலிமர் கலவையால்தான் பூச வேண்டும். வெறும் சிமெண்ட் பூச்சு மறுபடியும் விழும்.

சுவரில் ஓதம் இருந்தால் அது சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றின் ஈரமா என்று தெரிய ஒரு வழி உண்டு. ஓர் அடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவே முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவரிலேயே இருக்கிறது. வெளிப்பக்கம் நனைந்தால் காற்றோட்டம்தான் குறை.

முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை வீட்டைப் பார்த்துவிட்டு, வேலையைப் பொங்கலுக்குப் பிறகு தொடங்குங்கள். ஒழுகல் மழையில் தெரியும். பூச்சும் பெயிண்டும் வெயிலில் காயும்.

2. சுவரை இடிக்கும் ஆசை

ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்துவிட எங்களுக்கு ரொம்ப ஆசை. கதவு நிலைப் பக்கம் டேப் வைத்தால் சுவர் 9 இஞ்ச். அந்தக் காலத்துச் சின்ன அடுக்குகள் பலவற்றில் தூண்களே இல்லாமல், மேல்மாடியின் பாரத்தைச் செங்கல் சுவர்தான் தாங்குகிறது. நாலரை இஞ்ச் சுவர் என்றாலும் கட்டுமானப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்க்காமல் கை வைக்காதீர்கள். எங்கள் பொறியாளர் வேண்டாம் என்றார், விட்டுவிட்டோம். சமையலறைக் கதவை மட்டும் கழற்றினோம். அதிலேயே வெளிச்சம் ஹால்வரை வந்தது.

3. மேஸ்திரியிடம் ஒருவர்தான் பேச வேண்டும்

நோட்டில் மூன்று பத்தி: கட்டாயம், ஆசை, பிறகு. இருவரும் தனித்தனியாக எழுதி அப்புறம் சேர்த்துப் பாருங்கள். இருவர் பட்டியலிலும் 'கட்டாயம்' என்று இருப்பதற்கே முதல் பணம். கையிலுள்ள தொகையில் ஏழில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். உடைத்த பிறகுதான் தெரியும் செலவு நிச்சயம் வரும்.

முடிவு இருவருடையது, ஆனால் வேலையாட்களிடம் சொல்வது ஒருவர். காலையில் நான் ஒரு இடம் சொல்ல, சாயங்காலம் என் துணை வேறு இடம் சொல்ல, கட்டில் பக்கத்து ஸ்விட்ச் போர்டுக்கு இரண்டு முறை சுவரில் காடி (வயர் பதிக்கும் பள்ளம்) வெட்டினார்கள். அன்றிலிருந்து நான் மட்டும் பேசினேன், அவர் கணக்கு பார்த்தார்.

4. தண்ணீர்

அதிக நேரமும் பணமும் இங்கே போகட்டும்.

பழைய வீட்டில் பெரும்பாலும் ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப். போர் தண்ணீரின் உப்பு வருஷக்கணக்காக உள்ளே படிந்திருக்கும். எங்கள் வீட்டில் அறுத்தெடுத்த முக்கால் இஞ்ச் பைப்பை நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். செங்கல் நிறத்தில் துருவும் உப்பும் அடுக்கடுக்காக ஏறி, நடுவில் பென்சில் நுழையும் அளவுக்கே துளை இருந்தது. ஷவரில் தண்ணீர் நூலாக விழுந்த காரணம் அதுதான். எங்கே ஒழுகுகிறதோ அங்கே மட்டும் மாற்றினால் அடுத்த ஜாயின்ட் ஒழுகும். வீட்டுக்குள் வரும் பைப் முழுவதையும் சிபிவிசிக்கு (துருப்பிடிக்காத பிளாஸ்டிக் பைப்) மாற்றிவிடுங்கள். சமையலறைக்கும் குளியலறைக்கும் தனித்தனி வால்வு வையுங்கள். சுவரைப் பூசி மூடுவதற்கு முன் பைப்பில் அழுத்தம் ஏற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள்.

குளியலறையில் பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். பழைய வீட்டுக்கு அது ஆகாது. தரையைக் கொத்தி எடுத்து, வடிகால் பைப்பையும் டிராப்பையும் (தரையில் தண்ணீர் இறங்கும் வாய்) மாற்றி, தரையும் சுவரும் சேரும் மூலையை உருட்டிப் பூசி, அதன்மேல் வாட்டர் ப்ரூஃபிங் இரண்டு கோட், சுவரிலும் ஓர் அடியாவது ஏற்றி அடிக்க வேண்டும். ஷவர் பக்கம் இன்னும் உயரமாக. ஒரு கோட்டை நீளவாக்கிலும் அடுத்ததைக் குறுக்கிலும் அடித்தால் விடுபட்ட இடம் இருக்காது.

அது நன்றாகக் காய்ந்ததும், டைல்ஸ் போடுவதற்கு முன், டிராப்பை அடைத்து இரண்டு இஞ்ச் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். கீழ் வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டாம் நாள் காலை கீழ்வீட்டு அம்மா கூப்பிட்டார்கள். அவர்கள் சீலிங்கில், எங்கள் டிராப் பைப் இறங்கும் இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஈரவட்டம். மேஸ்திரிக்கு முகம் வாடிவிட்டது, எனக்கோ நிம்மதி. டைல்ஸ் போட்ட பிறகு தெரிந்திருந்தால் எல்லாவற்றையும் உடைத்திருக்க வேண்டும். பைப்பைச் சுற்றிக் கொத்தி அடைத்து, மறுபடி கோட் அடித்து, மறுபடி இரண்டு நாள் தண்ணீர் கட்டினோம். இந்தச் சோதனைக்கு மட்டும் எந்த அவசரத்திலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

டைல்ஸ் போடும்போது அடிக்குக் கால் இஞ்ச் வீதம் டிராப்பை நோக்கி வாட்டம் இருக்கிறதா என்று ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ்தான்.

5. கரண்ட்

பழைய ஃபியூஸ் கட்டை, எர்த் இல்லாத பிளக் பாயிண்ட் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், முழு வீட்டுக்கும் புது வயரிங். லைட், ஃபேனுக்கு 1.5, பிளக்குகளுக்கு 2.5, ஏசி, கீசருக்கு 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர் என்பது வழக்கமான அளவு. ஏசிக்கும் கீசருக்கும் தனித்தனி எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் ஸ்விட்ச்). எல்லாவற்றுக்கும் சேர்த்து 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று கட்டாயம். ஈரக் கையில் ஷாக் அடித்தால் உடனே கரண்டைத் துண்டிப்பது அதுதான். ஏசி வைப்பதாக இருந்தால் மின்வாரியத்தில் லோடு (வீட்டுக்கு அனுமதித்த மின் அளவு) கூட்ட வேண்டுமா என்று முன்பே பாருங்கள்.

சமையலறையில் மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், இண்டக்‌ஷன், வாட்டர் ஃபில்டர் ஒவ்வொன்றுக்கும் இடம் குறித்துவிட்டு பாயிண்ட் சொல்லுங்கள். காடி மூடும் முன், ஒவ்வொரு சுவரையும் டேப் பிடித்தபடி போட்டோ எடுத்துவையுங்கள்.

6. பூச்சு, தரை, பெயிண்ட்

புதுப்பூச்சை ஒரு வாரம் நனைத்து, நாலு வாரம் காயவிடுங்கள். ஈரத்தில் பட்டி (பெயிண்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கும் பூச்சு) வைத்தால் பொரிந்து உதிரும். பழைய சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் இருக்கும் சுவரை முழுக்கச் சுரண்ட வேண்டும்.

மொசைக் தரை இருந்தால் தயவுசெய்து அதன்மேல் டைல்ஸ் போடாதீர்கள். மெஷின் வைத்துக் கல் மாற்றி மாற்றி இழைத்துப் பாலிஷ் போட்டால், நாற்பது வருஷ அழுக்குக்குக் கீழிருந்து கறுப்பும் பழுப்புமாகச் சில்லுகள் எழுந்து வருவதைப் பார்க்க அவ்வளவு அழகு. பாலிஷ் போடும்போது சேறு சுவரில் தெறிக்கும். அதனால் பட்டி, பிரைமர், முதல் கோட், அப்புறம் பாலிஷ், தச்சு வேலை. கடைசி கோட் எல்லாம் முடிந்த பிறகு.

7. சமையல் மேடை

இருவருமே சமைப்பீர்கள் என்றால் இருவரின் முழங்கை உயரத்தையும் அளந்து, குறைவான அளவிலிருந்து 4 இஞ்ச் கழியுங்கள். எங்களுக்கு 33 இஞ்ச் வந்தது. சிங்க்குக்குக் கீழே மட்டுமாவது ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் பிளைவுட் போடுங்கள். பழைய கடப்பா கல் அலமாரிகள் உறுதியாக இருந்தால் எடுக்காதீர்கள். கதவு மட்டும் மாட்டினால் போதும்.

8. சாமான்

வாங்கும் முன் செய்தித்தாளைக் கட்டில், சோபா, பீரோ அளவுக்கு ஒட்டித் தரையில் விரித்து, இரண்டு நாள் சுற்றி நடந்து பாருங்கள். நடக்க இரண்டரை அடி மிஞ்ச வேண்டும். எங்கள் 10 அடி அறையில் 6 அடி அகலக் கட்டில் வைத்தால் பீரோ கதவு திறக்கவில்லை, 5 அடிக் கட்டிலே வாங்கினோம். அடியில் டிராயர் உள்ளது என்பதால் போர்வையும் பெட்டியும் அங்கே போயின.

மாடிப்படித் திருப்பத்தையும் வாசல் நிலையையும் அளந்த பிறகே கடைக்குப் போங்கள். கழற்றி மாட்டக்கூடிய கட்டில், பீரோதான் பழைய வீட்டுப் படியில் ஏறும்.

திரைச்சீலைக் கம்பி, கண்ணாடி, சாமி அலமாரி என்று சுவரில் எது மாட்டுவதானாலும் டிரில் எடுக்கும் முன், காடி மூடும் முன் எடுத்த போட்டோக்களைத் திறந்து பைப்பும் வயரும் போகும் வழியைப் பாருங்கள். ஒரு பிரதி இருவர் போனிலும் இருக்கட்டும்.