வெளிநாட்டிலிருந்து பணம் வாங்கும்போது விற்பவர்கள் செய்யும் தவறுகள்

கணக்கில் பணம் ஏறிவிட்டது என்பது வேறு, அந்தப் பணம் நமதாகிவிட்டது என்பது வேறு. இணையத்தில் பொருள் விற்பவர்கள் வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். அதனால் பணம் எந்த வழியில் வந்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: இதை அனுப்பியவரோ அவருடைய வங்கியோ எத்தனை நாள் வரை, என்ன காரணம் சொல்லித் திரும்ப எடுக்க முடியும்?

கார்டு வழி வந்த பணத்துக்கு இந்தக் கெடு நீளமானது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் பொதுவாக 120 நாள். ‘பொருள் வந்து சேரவில்லை’ என்ற புகாராக இருந்தால், பணம் கட்டிய நாளை விட்டுவிட்டு, பொருள் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கு தொடங்கும். இணையத்தில் பணம் வாங்க, கொடுக்க உதவும் பேபால் சேவையில், வாங்கியவர் பணம் செலுத்தியதிலிருந்து 180 நாள் வரை புகார் கொடுக்கலாம். அதற்குள் பணத்தை வங்கிக்கு மாற்றிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைப்பது வீண். புகாரில் தோற்றால் பேபால் கணக்கு கழித்தல் குறியில் நிற்கும், அந்தத் தொகையை நீங்கள் கட்டியாக வேண்டும். வெளிநாட்டுக் காசோலை இன்னும் மோசம். சில வங்கிகள் சில நாளிலேயே தொகையைக் கணக்கில் காட்டிவிடும். காசோலை போலி என்று தெரிந்து அது திரும்பிவர வாரக்கணக்கில் ஆகலாம். திரும்பியதும் வங்கி அந்தத் தொகையை உங்களிடமிருந்தே பிடித்துக்கொள்ளும். அறிமுகமில்லாதவர் காசோலை அனுப்புகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுவதே சரி.

மின்னஞ்சலைப் பணமாக எண்ணுவது

‘உங்களுக்குப் பணம் வந்துள்ளது, டிராக்கிங் எண்ணைப் பதிவு செய்தவுடன் விடுவிக்கப்படும்’ என்று ஒரு மின்னஞ்சல் வரும். சின்னம், நிறம், கையெழுத்து எல்லாம் அச்சு அசலாக இருக்கும். இந்த ஏமாற்று எடுபடுவதற்குக் காரணம், பணத்தை நிறுத்தி வைப்பது உண்மையிலேயே நடக்கிற விஷயம் என்பதுதான். புதிதாக விற்கத் தொடங்கியவர்களின் தொகையைப் பேபால் சில நாள் பிடித்து வைக்கும், டிராக்கிங் எண்ணைச் சேர்த்தால் சீக்கிரம் விடும். ஆனால் உண்மையான நிறுத்தத்தில், உங்கள் கணக்குக்குள் போய்ப் பார்த்தால் அந்தத் தொகை அங்கே பட்டியலில் இருக்கும். போலியில் ஒன்றும் இருக்காது. மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், முகவரியை நீங்களே தட்டச்சு செய்து அல்லது செயலியைத் திறந்து பாருங்கள்.

வங்கிப் பரிமாற்றத்தில் இதற்கு ஈடானது ‘ஸ்விஃப்ட் காப்பி’, அதாவது வங்கிகள் நாடுகளுக்கிடையே பணம் அனுப்பப் பயன்படுத்தும் ஸ்விஃப்ட் வலையமைப்பில் போன செய்தியின் பிரதி. வாங்குபவர் ஒரு பிடிஎஃப் அனுப்பி, பணம் கிளம்பிவிட்டது, பொருளை அனுப்புங்கள் என்பார். அதைப் போலியாகத் தயாரிக்க அரைமணி நேரம் போதும். உண்மையான பிரதியாக இருந்தாலும் அது பணம் கிளம்பியதைத்தான் காட்டும், வந்து சேர்ந்ததைக் காட்டாது. ஸ்விஃப்ட் பரிமாற்றம் ஒவ்வொன்றுக்கும் யூஇடிஆர் என்ற 36 குறிகள் கொண்ட தடமறியும் எண் உண்டு. அதைக் கேட்டு வாங்கி உங்கள் வங்கியிடம் கொடுத்தால், பணம் எந்த இடத்தில் நிற்கிறது என்று அவர்களால் பார்க்க முடியும். உண்மையாக அனுப்பியவர் அந்த எண்ணைத் தரத் தயங்கமாட்டார்.

இன்னொன்று: பணம் வாங்குவதற்கு ஓடிபி சொல்லத் தேவையில்லை, கடவுச்சொல் தேவையில்லை, ‘சரிபார்ப்புக் கட்டணம்’ என்று முன்கூட்டி எதுவும் கட்டத் தேவையில்லை. இவற்றில் ஒன்றைக் கேட்டாலே பேச்சை நிறுத்திவிடலாம்.

கூடுதலாக வந்ததை வேறு வழியில் திருப்பி அனுப்புவது

பொருளின் விலையைவிட அதிகமாகப் பணம் வரும். ‘தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மிச்சத்தை இந்த வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்’ என்பார். அல்லது, ‘என் சரக்கு முகவர் வந்து எடுத்துக்கொள்வார், அவருடைய கூலியையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறேன், அதை அவருக்குக் கொடுத்துவிடுங்கள்’ என்பார். வந்த பணம் திருட்டுக் கார்டிலிருந்து வந்திருக்கும். கார்டின் சொந்தக்காரர் கவனித்ததும் முழுத்தொகையும் திரும்பிப் போய்விடும். நீங்கள் அனுப்பியதோ மீட்க முடியாத வழியில் போனது. பொருளும் போயிருந்தால் இழப்பு இன்னும் பெரிது.

விதி எளிது: பணம் வந்த வழியிலேயே, அதே பரிவர்த்தனைக்குள்ளேயே ரீஃபண்ட் செய்யுங்கள். மிச்சத்தை மட்டும் பிரித்துக் கொடுப்பதைவிட, முழுத்தொகையையும் திருப்பிவிட்டுச் சரியான தொகையைப் புதிதாகச் செலுத்தச் சொல்வது மேல். நேர்மையான வாடிக்கையாளருக்கு இதில் சிறு எரிச்சல்தான் மிஞ்சும், ஏமாற்றுக்காரர் காணாமல் போய்விடுவார். ஒன்றை மட்டும் கணக்கில் வையுங்கள்: ரீஃபண்ட் செய்தாலும் முதலில் உங்களிடம் பிடித்த கட்டணத்தைப் பேபால் பொதுவாகத் திரும்பத் தராது.

‘நண்பர்கள், குடும்பத்தினர்’ வழியைப் பயன்படுத்துவது

சொந்தபந்தங்களுக்குப் பணம் அனுப்பப் பேபால் வைத்திருக்கும் வழி இது. கட்டணம் மிச்சமாகும் என்று விற்பவரே இதைக் கேட்பதுண்டு. விற்பனைக்கு இந்த வழியைப் பயன்படுத்துவது பேபாலின் விதிக்குப் புறம்பானது, கணக்கையே முடக்க நேரலாம். வாங்குபவருக்கு இதில் பாதுகாப்பு இல்லை என்பது பலருக்கும் தெரியும். விற்பவருக்கும் இல்லை என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள். இந்தப் பணம் பின்னணியில் ஒரு கார்டிலிருந்து எடுக்கப்பட்டிருந்தால், கார்டுக்காரர் தன் வங்கி மூலம் அதைத் திரும்பக் கேட்க முடியும். அப்போது உங்கள் பக்கம் பேச எந்த ஏற்பாடும் இருக்காது.

முகவரி விஷயத்தில் தாராளம் காட்டுவது

விற்பவர் பாதுகாப்பு என்று பேபால் தருவது இரண்டே வகைப் புகாருக்கு: ‘நான் இந்தப் பணத்தைச் செலுத்தவே இல்லை’, ‘பொருள் வந்து சேரவில்லை’. அதைப் பெற, பரிவர்த்தனைப் பக்கத்தில் உள்ள முகவரிக்கே பொருளை அனுப்பியிருக்க வேண்டும், அங்கே சேர்ந்ததற்குச் சான்று வேண்டும். மொத்தத் தொகை 750 அமெரிக்க டாலரோ அதற்கு மேலோ இருந்தால், பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தும் வேண்டும்.

பணம் கட்டிய பிறகு, ‘வீடு மாறிவிட்டேன், இந்த முகவரிக்கு அனுப்புங்கள்’ என்று செய்தி வந்தால் அப்படியே அனுப்பிவிடாதீர்கள். ரீஃபண்ட் செய்து, சரியான முகவரியுடன் மறுபடி செலுத்தச் சொல்லுங்கள். சிலர் பொருள் கிளம்பிய பிறகு கூரியரையே அழைத்து முகவரியை மாற்றுவார்கள். எனவே அனுப்பும்போதே, இடையில் முகவரி மாற்றம் கூடாது என்று கூரியரிடம் பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். ஆள் அனுப்பி நேரில் வாங்கிக்கொள்கிறேன் என்பதும் இந்த வகைதான். கையில் கொடுத்ததை டிராக்கிங் எண் காட்டாது.

மலிவான தபால் சேவைகளில் டிராக்கிங் எண் கொடுப்பார்கள், ஆனால் பார்சல் நாட்டைவிட்டு வெளியேறியதோடு பதிவு நின்றுவிடும். புகார் வரும்போது அது செல்லாது. போய்ச்சேரும் நாட்டில் ‘ஒப்படைக்கப்பட்டது’ என்பது வரை காட்டும் சேவையா என்று கேட்டுவிட்டே விலையை ஒப்பிடுங்கள்.

‘விளக்கத்தில் சொன்ன மாதிரி இல்லை’ என்ற புகார் மேற்சொன்ன பாதுகாப்பில் வராது. அதற்கு உங்கள் ஆதாரம்தான் துணை: கீறல், பழுது உட்பட எல்லாவற்றையும் காட்டும் படங்கள், வரிசை எண், பொருளைப் பெட்டியில் வைத்து ஒட்டுவது வரை வெட்டாத ஒரே வீடியோ, எடை குறித்த கூரியர் ரசீது. புகாருக்குப் பதில் சொல்லத் தரப்படும் நாள் குறைவு. அந்தக் கெடு கடந்தால் ஆதாரம் எவ்வளவு இருந்தும் தீர்ப்பு வாங்கியவர் பக்கம் போகும்.

சொந்தத் தளத்தில் கார்டு வாங்குபவர்களுக்கு

3டி செக்யூர் என்னும் கூடுதல் சரிபார்ப்பை வெளிநாட்டுக் கார்டுகளுக்குக் கட்டாயமாக்குங்கள். வாங்குபவர் தன் வங்கியின் திரையில் தன்னை உறுதிப்படுத்தியிருந்தால், பிறகு எழும் மோசடிப் புகாரின் பொறுப்பு பெரும்பாலும் கார்டு கொடுத்த வங்கிக்கு மாறிவிடும். மற்ற வகைப் புகார்களுக்கு இது உதவாது. வாங்குபவர் தரும் முகவரி அவருடைய வங்கியிடம் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் கார்டு முகவரிச் சரிபார்ப்பை மட்டும் நம்பினால் போதாது, ஏனெனில் அது அமெரிக்கா, கனடா, பிரிட்டன் போன்ற சில நாட்டுக் கார்டுகளில்தான் ஒழுங்காக வேலை செய்யும்.

கார்டு எண்ணை மின்னஞ்சலிலோ சாட்டிலோ வாங்கவே வாங்காதீர்கள். கார்டின் பின்னால் உள்ள மூன்று இலக்க எண்ணைப் பரிவர்த்தனை முடிந்தபின் சேமித்து வைப்பது கார்டு விவரங்களைப் பாதுகாப்பதற்கான பிசிஐ டிஎஸ்எஸ் தரவிதிப்படி தடை செய்யப்பட்டது. கார்டுப் பணத்தை உங்களுக்காக வாங்கித் தரும் சேவையான பேமெண்ட் கேட்வே தரும் இணைப்பை அனுப்பினால் அந்த எண்கள் உங்கள் கைக்கே வராது. ஒரே ஆள் அடுத்தடுத்து நான்கைந்து கார்டுகளை முயன்று பார்ப்பது, விலையைக் கேட்காமல் ஒரே பொருளைப் பலவாக வாங்கி அதிவிரைவு கூரியர் கேட்பது ஆகியவை தெரிந்தால் நிறுத்தி விசாரியுங்கள்.

தொகையைத் தெளிவில்லாமல் எழுதுவது

டாலர் குறி அமெரிக்காவுக்கு மட்டும் உரியதல்ல. கனடா, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் எல்லாம் அதையே எழுதுகின்றன. எந்த நாட்டு டாலர் என்று சேர்த்தே எழுதுங்கள். ஜெர்மனி போன்ற நாடுகளில் ஆயிரத்துக்குப் புள்ளியும் தசமத்துக்குக் காற்புள்ளியும் போடுவார்கள், ஆகவே 1.200 என்பதை ஆயிரத்து இருநூறு என்றே படிப்பார்கள்.

வங்கிப் பரிமாற்றத்தில் கட்டணத்தை யார் ஏற்பது என்று மூன்று தெரிவுகள் இருக்கும்: அனுப்புபவர், இருவரும், பெறுபவர். முன்பே பேசிக்கொள்ளாவிட்டால் இடையிலுள்ள வங்கிகள் ஆளுக்குக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். பிறகு யார் குறைத்தது என்று வாடிக்கையாளரோடு வழக்காட வேண்டியிருக்கும்.

பணத்துக்குப் பதில் பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயம் வாங்கினால் அதை அனுப்பியவர் திரும்ப எடுக்க முடியாது என்பது விற்பவருக்குச் சாதகம்தான். ஆனால் அனுப்பியதாக வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல், பரிவர்த்தனை உறுதியாகிவிட்டதா என்று உங்கள் வாலட்டிலேயே பாருங்கள்.

வாங்குபவர் சுங்கவரியைத் தவிர்க்க, ‘பரிசு என்று எழுதுங்கள், விலையைக் குறைத்துப் போடுங்கள்’ என்பதுண்டு. அது பொய்யான சுங்க அறிவிப்பு, கையெழுத்து உங்களுடையது. பார்சல் தொலைந்தால் காப்பீடும் எழுதிய விலைக்குத்தான் கிடைக்கும், புகாரிலும் அந்தச் சீட்டே உங்களுக்கு எதிரான சான்றாகும். சுங்கவரியை வாங்குபவரே கட்ட வேண்டும் என்பதை விற்பனைப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் அவர் வரி கட்ட மறுத்து, பார்சல் திரும்பிவரும் செலவு உங்கள் தலையில் விழும்.