தீப்பந்து பார்த்தீர்களா? அறிவிக்கும்போது விடக்கூடாத தவறுகள்

வெள்ளிக் கோளைவிடப் பிரகாசமாக எரிந்து செல்லும் எரிகல்லைத் தீப்பந்து என்கிறோம். அது சொல்லிக்கொண்டு வருவதில்லை. பெரும்பாலும் சில செக்கன்களில் எல்லாம் முடிந்துவிடும். அந்த நேரத்தில் வெளியே நின்றவர்கள் சொல்வதை வைத்துத்தான் அது எந்தப் பாதையில் வந்தது, கல் ஏதும் நிலத்தை எட்டியிருக்குமா என்று கணிக்க வேண்டியிருக்கிறது. கமெராக்கள் குறைந்த நம் பக்கத்தில் உங்கள் கண்ணுக்கு மதிப்பு இன்னும் அதிகம்.

யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கும் பேச்சு, "தம்பி, அந்தப் பனைக்குப் பின்னாலதான் விழுந்தது" என்பது. சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. ஆனால் எரிகல் ஒளிர்வது பெரும்பாலும் 80, 100 கிலோமீற்றர் உயரத்தில். அந்த உயரத்தில் எரிவது அடிவானத்துக்கு மேல் 10 பாகையில் தெரிந்தால், அது உங்களிடமிருந்து ஏறத்தாழ 400 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. தெற்கே பனை வட்டுக்குள் மறைந்தது காலிக்கு மேலே எரிந்ததாக இருக்கலாம். மேற்கே மறைந்தது கேரளக் கரைக்கு மேலே எரிந்ததாக இருக்கலாம். பக்கத்து வளவில் கல் தேடிப் போவதால் பயனில்லை.

ஆகவே எங்கே விழுந்தது என்று எழுதாதீர்கள். நீங்கள் எங்கே நின்றீர்கள், முதலில் எங்கே கண்டீர்கள், கடைசியாக எங்கே மறைந்தது என்ற மூன்றும் போதும். ஒருவரின் தகவல் திசையை மட்டுமே தரும். காரைநகரில் ஒருவரும், அங்கிருந்து சுமார் 40 கிலோமீற்றர் தள்ளிப் பருத்தித்துறையில் ஒருவரும் அதையே பார்த்திருந்தால் இரண்டு திசைகளும் வெட்டும் இடம் கிடைக்கும். கடலுக்கு அந்தப் பக்கம் வேதாரண்யத்திலிருந்தும் ஒருவர் சொன்னால் கணக்கு இன்னும் உறுதியாகும். "வேறு யாராவது அறிவித்திருப்பார்கள்" என்று விட்டுவிடுவது அதனால்தான் பெரிய இழப்பு.

திசையை நினைவிலிருந்து சொல்லக்கூடாது. நின்ற அதே இடத்தில் நின்று, அசையாப் பொருட்களோடு சேர்த்துக் குறியுங்கள்: தண்ணீர்த் தாங்கியின் இடது மூலைக்கு மேலே தொடங்கியது, தென்னை வட்டுக்கு வலப்பக்கம் மறைந்தது என்பதுபோல. இப்படி எழுதினால் மறுநாள் காலையில்கூடத் திசைகாட்டி வைத்து அளக்கலாம். போனில் உள்ள திசைகாட்டியைப் பாவிப்பதானால் இரும்புக் கேற்றுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் தள்ளி நில்லுங்கள்.

உயரத்தில் எல்லாரும் கூட்டித்தான் சொல்வார்கள். 50 பாகையில் போனதை "நேர் உச்சியில்" என்பார்கள். கையை முழுதாக நீட்டிப் பிடித்த முஷ்டியின் அகலம் சுமார் 10 பாகை. அது உங்கள் கைக்குச் சரியா என்று பார்க்க யாழ்ப்பாணத்தில் நல்ல வசதி உண்டு: துருவ நட்சத்திரம் இங்கே வடக்கு அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 10 பாகையில்தான் நிற்கிறது. தடையில்லாத வடகரையில் நின்றால் ஒரே முஷ்டியில் அளந்துவிடலாம்.

பார்த்ததும் வீட்டுக்குள் ஓடி ஆட்களைக் கூப்பிடுவது இயல்பு. ஆனால் போனில் நேரத்தைப் பார்த்துக் குறித்துவிட்டு, ஐந்து நிமிடமாவது வெளியே சத்தம் போடாமல் நில்லுங்கள். ஒலி ஒரு கிலோமீற்றர் வர மூன்று செக்கன் எடுக்கும். 30 கிலோமீற்றர் உயரத்தில் உடைந்த கல்லின் முழக்கம் உங்களை எட்ட ஒன்றரை நிமிடமாவது ஆகும். ரஷ்யாவின் செல்யாபின்ஸ்கில் 2013 பெப்ரவரி 15 அன்று ஒளி வந்து இரண்டு நிமிடத்துக்கும் மேலாகித்தான் அதிர்வு வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள், பலரைக் கிழித்தது உடைந்த ஜன்னல் கண்ணாடி. ஆகவே கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்கவே வேண்டாம்.

அப்புறம், குழுக்களில் மற்றவர்கள் எழுதுவதை வாசிக்கமுன் உங்களுடையதை எழுதி முடியுங்கள். "பச்சை நிறம்தானே?" என்று ஒருவர் கேட்டாலே நம் நினைவும் பச்சையாகிவிடும்.

எல்லா ஒளியும் எரிகல் அல்ல. தைப்பொங்கல் காலத்தில் வல்வெட்டித்துறைப் பக்கம் விளக்குக் கட்டிய பட்டங்கள் இரவிலும் நிற்கும். பலாலிக்கு இறங்கும் விமானத்தின் விளக்கு நேரே வரும்போது அசையாததுபோல இருக்கும். ஒரு நிமிடம்வரை மெதுவாக ஊர்ந்து, துண்டு துண்டாக எரிந்து போனால் அது பெரும்பாலும் திரும்பி விழும் செய்மதியோ ரொக்கட் பாகமோதான். அதையும் அறிவிக்கலாம், எத்தனை செக்கன் என்பதைச் சரியாகச் சொன்னால் போதும்.

சர்வதேச விண்கல் அமைப்பின் (International Meteor Organization, IMO) இணையப் படிவத்தில் எவரும் அறிக்கை கொடுக்கலாம். நள்ளிரவு தாண்டியதைத் திகதியில் கவனியுங்கள். "13ஆம் திகதி இரவு ஒரு மணி" என்றால் எந்த நாள் என்று யாருக்கும் விளங்காது. நம் நேரம் உலகப் பொது நேரத்தைவிட (UTC) ஐந்தரை மணித்தியாலம் கூடியது, இரண்டையும் கலந்துவிடாதீர்கள்.

தெருவில் உள்ள கடைகளில் சிசிடிவி இருந்தால் அடுத்த நாளே போய்க் கேளுங்கள், பழைய பதிவுகள் தானாகவே அழிந்துகொண்டிருக்கும். அந்தக் கருவியின் கடிகாரம் பிழையாக ஓடக்கூடும். அதன் திரையையும் உங்கள் போன் நேரத்தையும் ஒரே படத்தில் எடுத்து வைத்தால் எத்தனை செக்கன் வித்தியாசம் என்று பிறகு கழித்துக்கொள்ளலாம். வீடியோவை வெட்டாமல், பாட்டுப் போடாமல், மூலக் கோப்பாகவே அனுப்புங்கள்.