பார்க்கிங் தண்டச் சீட்டு: திருகோணமலைச் சாரதிகள் விடும் பிழைகள்

டொக்யார்ட் வீதியிலோ மத்திய வீதியிலோ ஓரமாக விட்ட வாகனத்துக்குப் பொலிஸ் தண்டச் சீட்டு எழுதினால் உங்களுக்கு இரண்டு வழிதான். பணத்தைக் கட்டலாம், அல்லது நீதவான் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். இரண்டையும் செய்யாமல் சீட்டை மடித்து வைத்துவிட்டு மறப்பவர்கள்தான் அதிகம் மாட்டுப்படுகிறார்கள்.

"இப்ப கட்டுவம், பிறகு போய்க் கதைப்பம்" என்பது முதல் பிழை. தண்டத்தைக் கட்டியதும் அந்தக் குற்றம் அத்தோடு தீர்ந்ததாகவே சட்டம் கொள்ளும். அதற்குப் பிறகு வழக்கும் இல்லை, வாதாட இடமும் இல்லை. எதிர்க்க நினைப்பவர் கட்டவே கூடாது. சீட்டு எழுதும்போதே "நான் கோட்டுக்குப் போறன்" என்று மரியாதையாகச் சொல்லிவிட வேண்டும்.

கட்ட நினைப்பவர் நாட்களைக் கவனிக்க வேண்டும். லைசன்ஸைப் பொலிஸ் எடுத்துக்கொண்டால், கையில் கிடைக்கும் சீட்டே 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரம். அந்த 14 நாட்களுக்குள் கட்டினால் தண்டம் மட்டும். 28ஆம் நாள் வரை இரட்டிப்பு. அதையும் தாண்டினால் வழக்கு. பலர் மறப்பது இதைத்தான்: இரட்டிப்புப் பணம் கட்ட இன்னும் நாள் இருக்கலாம், ஆனால் 15ஆம் நாள் வண்டி ஓட்ட உங்களிடம் அனுமதி இல்லை. பார்க்கிங் பிழை அன்றைக்கு லைசன்ஸ் இல்லாமல் ஓட்டிய பிழையாக வளர்ந்துவிடும். ஞாயிறும் போயாவும் தபாற்கந்தோருக்குத்தான் விடுமுறை, உங்கள் 14 நாட்களுக்கு இல்லை.

தபாற்கந்தோரில் கட்டினால், அந்தப் பற்றுச்சீட்டோடு சீட்டு எழுதிய அதே நிலையத்துக்குப் போய்த்தான் லைசன்ஸைத் திரும்ப எடுக்க வேண்டும். திருகோணமலைத் தலைமையகம், துறைமுகப் பொலிஸ், உப்புவெளி, சீனன்குடா எல்லாம் தனித்தனி நிலையங்கள். சீட்டிலுள்ள நிலைய முத்திரையைப் பார்க்காமல் போனால் அலைச்சல்தான். கொழும்புக்குப் போகும் வழியில் தம்புள்ளையில் எழுதப்பட்ட சீட்டென்றால் லைசன்ஸும் அங்கேதான், வழக்கு வந்தால் அதுவும் அந்தப் பகுதி நீதிமன்றத்தில்தான்.

எதிர்ப்பதற்கு முன், எழுதப்பட்ட குற்றம் எது என்று பாருங்கள். இங்கேதான் நியாயமான வழக்குகளும் தோற்கின்றன. தரித்தல் தடை அடையாளத்தை மீறியதாக எழுதியிருந்தால், அடையாளம் மரக்கிளையில் மறைந்திருந்ததையோ அங்கே இல்லாததையோ காட்டலாம். போக்குவரத்துக்கு இடைஞ்சலாக நிறுத்தியதாக எழுதியிருந்தால் "பலகை இல்லையே" என்ற வாதம் எடுபடாது, அந்தக் குற்றத்துக்குப் பலகை தேவையில்லை. "அஞ்சு நிமிசம்தான்", "ஹஸாட் லைட் போட்டிருந்தன்" இரண்டும் தண்டத்தைக் குறைக்கச் சொல்லும் காரணங்கள். பிழை நடக்கவில்லை என்பதற்குச் சான்று அல்ல. உள்ளூராட்சி சபையின் தரிப்பிடச் சிட்டை வாங்கியிருந்தாலும் மஞ்சள் கடவையில் நிறுத்த அது அனுமதி ஆகாது.

படங்களை அன்றைக்கே எடுங்கள். சக்கரத்தை மட்டும் கிட்டப் போய் எடுத்த படம் பயன்படாது. வாகனம், வீதி ஓரம், அருகிலுள்ள அடையாளம் மூன்றும் ஒரே படத்துக்குள் வரும்படி ஒன்று, இரு பக்கமும் தூரத்திலிருந்து ஒவ்வொன்று போதும். உத்தியோகத்தரின் இலக்கத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வழக்குத் தவணை நாளில் நீங்கள் குற்றவாளியா சுற்றவாளியா (குற்றமற்றவரா) என்று கேட்பார்கள். பதற்றத்தில் "குற்றவாளி" என்றால் அன்றே தண்டம் விதித்து முடித்துவிடுவார்கள். அது சீட்டில் இருந்த தொகையைவிடக் கூடவும் வரலாம். "சுற்றவாளி" என்றால் விளக்கத்துக்கு, அதாவது சாட்சி விசாரணைக்கு, வேறு தவணை போடப்படும், சீட்டு எழுதிய உத்தியோகத்தர் சாட்சி சொல்ல வேண்டும். உங்கள் பக்கம் உண்மையிலேயே வலுவில்லை என்றால், இத்தனை நாள் வேலையை விட்டு அலைவதைவிட 14 நாளுக்குள் கட்டுவதே மலிவு. கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி ஒப்பம் கேட்டால், விளங்காமல் ஒப்பமிடாதீர்கள். தமிழில் எழுதும்படி கேளுங்கள்.

தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு போட்டிருப்பதால் சீட்டின் நாட்கணக்கு நின்றுவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. முறைப்பாடு ஒரு பக்கம் போகும், 14 நாள் இன்னொரு பக்கம் ஓடும்.

வழக்குக்கு வராவிட்டால் பிடியாணை. அழைப்பாணை பழைய முகவரிக்குப் போய், விசயம் தெரியாமலே பிடியாணை விழுவதும் உண்டு. ஓப்பன் பேப்பரில், அதாவது உரிமையை இன்னும் உங்கள் பெயருக்கு மாற்றாமல், வாங்கிய வாகனமென்றால் விசாரணை முதலில் பழைய உரிமையாளரின் வீட்டுக் கதவைத்தான் தட்டும். பிடியாணை இருப்பது தெரிந்தால் வீதிச் சோதனையில் பிடிபடும் வரை காத்திருக்காமல், சட்டத்தரணி மூலம் நகர்த்தல் பத்திரம் (வழக்கை நீதிமன்றத்தில் எடுக்கும்படி கேட்கும் மனு) போட்டு நீங்களே ஆஜராகுங்கள். தானாக வந்தவரையும் பிடித்துக்கொண்டு வந்தவரையும் நீதிமன்றம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

பொலிஸிடம் இருக்கும் லைசன்ஸைத் "தொலைந்துவிட்டது" என்று முறைப்பாடு போட்டுப் பிரதி எடுக்கச் சிலர் சொல்லித் தருவார்கள். அது பொய் முறைப்பாடு, பார்க்கிங்கை விடப் பெரிய குற்றம். கையில் ஏதாவது வைத்து முடிக்கப் பார்ப்பதும் அப்படித்தான்: 2023இன் ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி வாங்கியவரோடு கொடுத்தவரும் குற்றவாளி.