முதல் ஐந்து நிமிடத்தைப் பிடித்துவிடுங்கள்

மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் "கவனமாகப் படி" என்று சொன்னால் அது நம் முகத்தைத்தான் பார்க்கும், ஏனென்றால் கவனம் என்பது கையால் செய்கிற காரியம் இல்லை. "பையைச் சுவரோரம் வை, நோட்டை எடு, தேதி எழுது" என்றால் உடனே செய்யும். திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவி பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். நல்ல பழக்கம் வேண்டுமென்றால் அதை இப்படிச் சின்னச் சின்ன வேலையாக உடைத்துக் கொடுக்க வேண்டும், அதுவும் தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில்.

முதல் ஐந்து நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகள் உள்ளே வருவதற்கு முன்பே கரும்பலகையின் இடது ஓரத்தில் நேற்றைய பாடத்திலிருந்து ஒரு சின்ன வேலையை எழுதிப் போடுங்கள். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரித்துத்தானே நடத்துகிறோம், அதே மாதிரி இதையும் நிலைக்கு ஒன்றாக மூன்று வரி எழுதினால் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைக்கும் செய்ய ஏதாவது இருக்கும். நீங்கள் வாயே திறக்க வேண்டாம். முதல் வாரம் சத்தமாகத்தான் இருக்கும், விட்டுவிடாதீர்கள். நாம் இரண்டு நாள் எழுத மறந்தால் பிள்ளைகள் மொத்தமாக மறந்துவிடுவார்கள்.

அடுத்ததுதான் எனக்கு ரொம்ப முக்கியம்: புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பார்ப்பது. நம் பிள்ளைகள் ஒரே பக்கத்தைப் பத்துத் தடவை சத்தம் போட்டு வாசிப்பார்கள், படித்துவிட்டோம் என்று நம்புவார்கள். 2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது. அவர்கள் பெரிய பிள்ளைகள்தான், ஆனால் என் வகுப்பிலும் இதையேதான் பார்க்கிறேன்.

ஒருநாள் தாமிரபரணி பற்றிப் பேசிவிட்டு மறுநாள் காலையில் கேட்டேன். ஒருவன் எழுந்து, "பொதிகை மலையில பிறக்குன்னு தெரியும் டீச்சர், கடலுக்கு எங்க போவும்னு மறந்துட்டு" என்றான். நான் பேசாமல் நின்றேன். பின்னாலிருந்து ஒரு குரல், "புன்னக்காயல்லா!" அவன் அப்படியே உட்கார்ந்து அந்தப் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டான். நான் எழுதச் சொல்லவில்லை. எது மறந்துபோனது என்று தனக்கே தெரிந்த பிள்ளை இப்படித்தான் எழுதிக்கொள்ளும். அதனால் பதில் வராதபோது உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள், மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். மறந்ததற்குத் திட்டவே திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் பக்கத்து நோட்டைப் பார்க்கும்.

பென்சில் சீவுவது, தண்ணீர் குடிப்பது எல்லாம் மணி அடிக்கும் முன்பே முடிய வேண்டும். சீவிய பென்சில் ஏழெட்டு ஒரு டப்பாவில் மேசைமேல் இருக்கட்டும், முனை உடைந்தால் மாற்றிக்கொண்டு போகட்டும். இதிலேயே பாதிச் சத்தம் குறைந்துவிடும்.

வீட்டுப்பாடம் விஷயத்தில் கொஞ்சம் யோசியுங்கள். இங்கே பல அம்மாமார் சாயங்காலமும் பீடித் தட்டோடு உட்கார்ந்திருப்பவர்கள், கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடு என்றால் அவர்களால் முடியாது. ஆனால் கைதான் வேலையில் இருக்கும், காது சும்மாத்தான் இருக்கும். "இன்னைக்குப் படிச்ச மூணு விஷயத்தைப் புத்தகம் பார்க்காம அம்மாகிட்டச் சொல்லிட்டு வா" என்று அனுப்புங்கள், அது போதும். மறுநாள் "அம்மா என்ன கேட்டாங்க?" என்று மறக்காமல் விசாரியுங்கள். நீங்கள் கேட்பீர்கள் என்று தெரிந்தால்தான் சொல்லும்.

அப்புறம், விடுமுறை. ஜூனில் பள்ளி திறந்து பழக்கம் இப்போதுதான் பிடித்துவருகிறது என்னும்போது ஆனித் தேரோட்டம் வந்துவிடும். நெல்லையப்பர் தேரைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு மறுநாள் வாய் நிறைய கதை இருக்கும். அன்று புதுப் பாடம் எடுக்காதீர்கள். அந்தக் கதையையே கரும்பலகை ஓரத்து வேலையாக்கி, தேரைப் பற்றி மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். பையைச் சுவரோரம் வைப்பதிலிருந்து எல்லாவற்றையும் முதல் நாள் போலவே, பொறுமையாக, திரும்பச் செய்ய வையுங்கள்.