ஒரே கோப்பில் ஒரு வலைப்பக்கம்: லாங்வுட் சோலைப் பறவைக் குறிப்புகளை இணையத்தில் ஏற்றுவது எப்படி?

கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் லாங்வுட் சோலை 116 ஹெக்டேர்தான். 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. அங்கே பார்த்த பறவைகளைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறீர்கள், நாலு படமும் கையில் இருக்கிறது என்றால், சொந்தமாக ஒரு வலைப்பக்கம் போட அதுவே போதும். நோட்பேடு, பிரவுசர், ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தால் சரி. காசு செலவில்லை.

ஒன்று மட்டும் கவனம். கட்டளைச் சொற்களை இங்கே ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறோம். நீங்கள் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும்.

கோப்பைச் சேமிப்பதில்தான் பாதி வேலை

புதிய ஃபோல்டர் ஒன்றைத் திறந்து, நோட்பேடில் ஒரு வெற்றுக் கோப்பை 'இண்டெக்ஸ்.எச்டிஎம்எல்' என்ற பெயரில் சேமியுங்கள். சேமிக்கும் பெட்டியில் கோப்பு வகையை 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றாவிட்டால், வால் பக்கம் 'டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் அந்த வாலை மறைத்துக் காட்டுவதால் தப்பு கண்ணில் படாது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்துவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

சேமிக்கும் அதே பெட்டியில் 'என்கோடிங்' என்ற இடத்தில், எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8 இருக்கட்டும். தமிழ்ப் பக்கங்கள் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். எப்படிக் கெட்டிருக்கிறது என்று பார்த்தாலே காரணம் தெரிந்துவிடும்:

- எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிட்டதா? ஆன்சி என்ற பழைய முறையில் சேமித்திருக்கிறீர்கள். போன எழுத்து திரும்பாது. மறுபடி அடிக்க வேண்டியதுதான்.
- தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வருகின்றனவா? கோப்பு நன்றாக இருக்கிறது. யுடிஎஃப்-8 என்று பிரவுசருக்குச் சொல்லும் 'சார்செட்' வரி விட்டுப்போயிருக்கிறது.
- பொருளில்லாத ஆங்கில எழுத்துகளா? டிடிபி கடையில் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்து வாங்கிய கோப்பு அது. யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும்.

உள்ளே என்ன எழுதுவது?

முதல் வரி, இது எச்டிஎம்எல் பக்கம் என்று பிரவுசருக்குச் சொல்லும் டாக்டைப் அறிவிப்பு. அடுத்து எச்டிஎம்எல் குறி (டேக்). அதற்குள் 'லாங்' என்ற இடத்தில் தமிழுக்கான 'டிஏ' என்ற இரண்டெழுத்து. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்க இது உதவும்.

பிறகு ஹெட் பகுதி. அதில் முதலாவதாக மெட்டா சார்செட் வரியை வையுங்கள். கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் அது வந்துவிட வேண்டும். அடுத்து டைட்டில். மூன்றாவது, வியூபோர்ட் என்ற மெட்டா வரி: அகலம் 'டிவைஸ்-விட்த்', தொடக்க அளவு 1. இதை விட்டால், போன் தன்னை 980 பிக்சல் அகலத் திரையாக நினைத்துக்கொண்டு எழுத்தைக் கடுகளவுக்குச் சுருக்கிவிடும்.

பாடி பகுதிக்குள் எச்1 குறியில் தலைப்பு, பி குறியில் பத்திகள், ஐஎம்ஜி குறியில் படம். ஐஎம்ஜி குறியில் 'ஆல்ட்' என்ற இடத்தைக் காலியாக விடாதீர்கள். படம் திறக்காவிட்டாலும் 'நீலகிரி சிரிப்பான், லாங்வுட் சோலை' என்ற எழுத்தாவது தெரியும்.

அலங்காரம் அதிகம் வேண்டாம். ஹெட் பகுதியில் 'ஸ்டைல்' குறிக்குள் இவை போதும்: எழுத்தளவு 18 பிக்சல், பத்தியின் உச்ச அகலம் 640 பிக்சல், வரி உயரம் 1.7. தமிழில் மேலே புள்ளியும் சுழியும், கீழே உகரக் காலும் வருவதால் வரிகளுக்கு நடுவே இடம் கூடுதலாக வேண்டும். இருபக்க ஓரத்தையும் நேராக்கும் 'ஜஸ்டிஃபை' தமிழுக்கு ஒத்துவராது. நம் சொற்கள் நீளமானவை, நடுவில் ஓட்டை ஓட்டையாக விழும்.

படம்தான் பாரம்

போன் கேமரா படம் ஒன்று சாதாரணமாக 3 முதல் 5 எம்பி. மேட்டுப்பாளையம் சாலை வளைவில் சிக்னல் நொடிக்கு 100 கிலோபிட் என்று இறங்கிவிட்டால், 4 எம்பி படம் திறக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அதையே 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி ஜேபெக்காக 150 கேபிக்குள் கொண்டுவந்தால் 12 விநாடி. எழுத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம்: ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் என்றாலும், ஆயிரம் குறியீடுகளுக்கு 3 கேபிதான்.

போன் படத்துக்குள் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை ஒளிந்திருக்கக்கூடும். கூட்டைப் படம் பிடித்து அப்படியே ஏற்றினால், கூட்டுக்கு வழியும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். கேமரா அமைப்பில் லொகேஷனை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே எடுத்த படங்களில் அந்த விவரத்தை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். கூட்டுப் படத்தைப் போடாமலே இருப்பது இன்னும் நல்லது.

படங்களின் பெயர் ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். விண்டோஸுக்குப் பேரெழுத்து, சிற்றெழுத்து ஒன்றுதான். சர்வருக்கு இரண்டும் வேறு. உங்கள் கணினியில் தெரிந்த படம் ஏற்றிய பிறகு காணாமல் போனால், கேமரா தந்த பேரெழுத்து 'ஜேபிஜி' வாலை முதலில் பாருங்கள்.

ஏற்றுதல்

கோப்பை இரட்டைக் கிளிக் செய்து பிரவுசரில் சரிபார்த்த பிறகு, கோப்புகளை வைத்துப் பக்கமாகக் காட்ட இடம் தரும் கிட்ஹப் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்குங்கள். பயனர்பெயரை யோசித்து வையுங்கள், முகவரியே அதுதான். 'நியூ ரெபாசிட்டரி' (கோப்புகளை வைக்கும் புதிய கிடங்கு) திறந்து, பயனர்பெயரோடு 'புள்ளி கிட்ஹப் புள்ளி ஐஓ' சேர்த்துப் பெயர் வைத்து, 'பப்ளிக்' என்று தேர்ந்தெடுங்கள். 'அப்லோட் ஃபைல்ஸ்' வழியாக எல்லாக் கோப்புகளையும் இழுத்துப் போட்டு 'கமிட்' செய்யுங்கள், அதாவது சேமியுங்கள். பிறகு செட்டிங்ஸில் 'பேஜஸ்' பகுதிக்குப் போய், கிளை (பிராஞ்ச்) 'மெயின்', ஃபோல்டர் 'ரூட்' என்று இருக்கிறதா பாருங்கள். பக்கம் வர 10 நிமிடம் வரை ஆகலாம். அதற்குப் பிறகும் 'பக்கம் இல்லை' என்று சொல்லும் 404 வந்தால், இண்டெக்ஸ் கோப்பு உள்ஃபோல்டருக்குள் மாட்டியிருக்கும். இல்லையென்றால் பெயரில் பிழை.

பப்ளிக் என்றால் பழைய பதிப்புகளும் பப்ளிக்தான். போன் எண்ணைப் போட்டுவிட்டு மறுநாள் அழித்தாலும் வரலாற்றில் அது கிடக்கும். கடை நடத்தவும் இந்த இலவச இடத்துக்கு அனுமதி இல்லை; வர்க்கியோ யூகலிப்டஸ் தைலமோ விற்க நினைப்பவர்கள் வேறு ஹோஸ்டிங் பார்க்க வேண்டும்.

திருத்தம் செய்தும் பழைய பக்கமே தெரிகிறதா? பிரவுசர் முந்தைய நகலைப் பத்து நிமிடம்வரை பிடித்து வைத்திருக்கும். கன்ட்ரோல், எஃப்5 இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள்.