துலும், மூயில்: மாயா கோட்டையும் சியான் காஆன் கால்வாயும் ஒரே நாளில் பார்ப்பது எப்படி

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் நீண்ட வார இறுதி கிடைத்தால் கான்கூனுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தாலும் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி சுற்றுலா விசா வேண்டாம் என்பது பெரிய வசதி (விதி மாறக்கூடியது, டிக்கெட் போடும்முன் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்). போனால் கடற்கரை, நீச்சல்குளம், ஒருநாள் சிச்சென் இட்சா, அவ்வளவில் திரும்பிவிடுகிறார்கள். சிச்சென் இட்சா அருமையான இடம்தான். ஆனால் அது கடலைவிட்டுத் தள்ளி, உள்நாட்டில் இருக்கும் நகரம். மாயா மக்கள் கடலோடும் சதுப்பு நிலத்தோடும் எப்படிப் பிழைத்தார்கள், எந்த வழியாக வியாபாரம் செய்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் தெற்கே துலுமுக்கும், அதைத் தாண்டி சியான் காஆன் என்ற இயற்கைக் காப்பகத்தில் உள்ள மூயிலுக்கும் போக வேண்டும். ஒன்று கடற்கரைத் துறைமுகம், மற்றொன்று அந்தத் துறைமுகத்துப் பக்கத்துக் காட்டுக்குள் இருந்த ஊர். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால்தான் கதை முழுசாகப் புரியும் என்பது என் உறுதியான எண்ணம். முதல்முறை போகிறவர்களுக்காக இதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: சரியான சுற்றுலாவைத் தேர்ந்தெடுங்கள்

இணையத்தில் தேடினால் "துலும், கோபா, செனோட்டே, பிளாயா டெல் கார்மென், எல்லாம் ஒரே நாளில்" என்று பொதிகள் வந்து குவியும். வேண்டாம். அதில் துலுமுக்கு முக்கால் மணி நேரம் கொடுத்தாலே அதிகம். நுழைவு வரிசையிலேயே அதில் பாதி கரைந்துவிடும்.

நீங்கள் தேட வேண்டியது "துலும், மூயில்" என்று இரண்டே இடம் உள்ள சுற்றுலா. மூயில் கிராமத்து மாயா குடும்பங்களே கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, படகு ஓட்டி, வழிகாட்டியாகவும் வருகிறார்கள். நேரடியாக அவர்களிடம் பதிவு செய்யலாம். வேறு நிறுவனம் வழியாகப் போனால், "படகு மூயில் கூட்டுறவுச் சங்கத்துடையதா?" என்று கேளுங்கள். குழுவில் எத்தனை பேர், வழிகாட்டி ஆங்கிலம் பேசுவாரா, நுழைவுக் கட்டணங்கள் சேர்ந்ததா தனியா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணம் பல இடங்களில் தனித்தனியாக வசூலிக்கப்படுவதால் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: "சியான் காஆன் சுற்றுலா" என்ற பெயரில் முற்றிலும் வேறு ஒன்றும் உண்டு. அது கடற்கரை ஓரமாக, குண்டும் குழியுமான சாலையில் புந்தா ஆயென் என்ற மீனவ ஊர் வரை போவது. டால்பின், ஆமை பார்க்கலாம். ஆனால் நாள் முழுக்க உடம்பு குலுங்கும். குழந்தைகள், பெரியவர்களோடு போகிறவர்கள் பதிவின்போது "மூயில்" என்ற சொல் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

படி 2: மாதமும் நேரமும்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். இதற்கு நடுவே சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி ஒரு சங்கதி. 2011 முதல் அட்லாண்டிக்கில் பெருகி, வசந்தத்திலும் கோடையிலும் இந்தக் கரையில் மலைபோல் ஒதுங்கி அழுகுகிறது. அந்த மாதங்களில் துலும் கடற்கரை படங்களில் பார்த்த நீலமாக இருக்காது. ஆனால் மூயில் கால்வாய் நன்னீர் என்பதால் சர்காசம் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. கோடை விடுமுறையில் மட்டுமே போக முடிகிற பள்ளிக் குழந்தைகளின் பெற்றோருக்கு, கடற்கரை ரிசார்ட்டை விட இந்தச் சுற்றுலாவே நல்ல பலன் தரும்.

நேரம்: துலும் தொல்லியல் பகுதி காலை 8 மணிக்குத் திறக்கும். அந்த நேரத்துக்கு வாசலில் நிற்க வேண்டும். அங்கே மர நிழல் மிகக் குறைவு. பத்து மணிக்கு மேல் சுண்ணாம்புக் கல் தரை வெயிலை முகத்தில் திருப்பி அடிக்கும், பேருந்துக் கூட்டமும் வந்து இறங்கிவிடும். கான்கூனிலிருந்து துலும் சுமார் 130 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். முடிந்தால் முந்தின இரவே துலும் ஊரில் தங்குங்கள்.

படி 3: பையில் என்ன?

முழுக்கை நீச்சல் சட்டை, தொப்பி, தண்ணீர், துண்டு, மாற்றுடை, நீரில் நனையலாம் என்கிற செருப்பு, சிறிய நோட்டுகளாக பெசோ. சன்ஸ்கிரீன், கொசு மருந்து இரண்டும் கால்வாய்க்குள் இறங்கும்போது உடம்பில் இருக்கக் கூடாது. நிறைய பேர் "பயோடிகிரேடபிள்" என்று எழுதிய டியூபை வாங்கிப் பூசிக்கொண்டு திருப்தியாகிவிடுகிறார்கள். அந்தத் தண்ணீரில் வாழும் உயிர்களுக்கு எதையுமே பூசாமல் இறங்குவதுதான் நல்லது. வெயிலுக்கு முழுக்கைச் சட்டை போதும்.

படி 4: துலும், காலை இரண்டு மணி நேரம்

நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பியதுமே சீருடை போல உடுத்தியவர்கள் கைகாட்டி வண்டியை நிறுத்தி, "டிக்கெட் இங்கேதான்" என்பார்கள். அவர்கள் விற்பது படகுச் சவாரிப் பொதி. நுழைவுச் சீட்டு அதிகாரப்பூர்வமான சாவடியில் மட்டுமே. இப்போது இந்த இடம் ஹாகுவார் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் பூங்காக் கட்டணமும் தொல்லியல் கட்டணமும் தனித்தனியாக இருக்கும். மனத்தளவில் தயாராக இருங்கள். தனியாக வழிகாட்டி அமர்த்துவதாக இருந்தால், கழுத்தில் மெக்சிகோ சுற்றுலாத் துறையின் அடையாள அட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

உள்ளே நுழைவதே ஒரு அனுபவம். நிலப்பக்கம் மூன்று திசையிலும் கற்சுவர். ஐந்து குறுகிய வாசல்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் குனிந்து நுழைய முடியும். நான்காவது பக்கம் சுவர் தேவைப்படவில்லை. சுமார் 12 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறை, கீழே கரீபியன் கடல்.

இந்த ஊர் செழித்தது 13-ம் நூற்றாண்டு முதல் 16-ம் நூற்றாண்டு வரை. திக்கால் போன்ற பெரிய மாயா நகரங்களைக் காடு மூடி சில நூற்றாண்டுகள் ஆன பிறகு, கடல் வியாபாரத்தால் எழுந்து நின்ற ஊர். 1518-ல் ஹுவான் தே கிரிஹால்வாவின் ஸ்பானியக் கப்பல்கள் இந்தக் கரையோரமாகப் போனபோது, பயணத்தில் இருந்த பாதிரியார் ஹுவான் தியாஸ், செவில் நகரத்துக்கு இணையான பெரிய ஊர் ஒன்றைக் கண்டதாக எழுதிவைத்தார். அது துலும்தான் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள்.

எல்லோரும் நேரே எல் காஸ்தில்லோ என்ற பெரிய கோயிலுக்கு ஓடுவார்கள். நீங்கள் முதலில் ஓவியக் கோயில் முன்னால் நில்லுங்கள். கட்டடத்தின் வெளி மூலையைப் பாருங்கள்: இரண்டு சுவர்கள் சேரும் இடத்தில் ஒரு தெய்வத்தின் முகம் மடித்து வைத்ததுபோல் செதுக்கப்பட்டிருக்கும். ஒரு கண் ஒரு சுவரில், மறு கண் அடுத்த சுவரில், மூக்கு சரியாக மூலையில். உள்ளே சுவரோவியங்களில் மிச்சமிருக்கும் நீலத்துக்கு மாயா நீலம் என்று பெயர். அவுரி இனச் செடியின் சாயத்தை பாலிகோர்ஸ்கைட் என்ற களிமண்ணோடு சேர்த்துச் சூடாக்கிச் செய்தது. வெறும் அவுரிச் சாயம் வெயிலில் வெளுத்துவிடும். களிமண்ணுக்குள் பிணைந்த சாயம் நூற்றாண்டுகள் தாங்குகிறது. உள்ளே போக அனுமதி இல்லை. கயிற்றுக்கு வெளியே நின்றே பார்க்க வேண்டும்.

அடுத்து, இறங்கும் தெய்வத்தின் கோயில். வாசலுக்கு மேலே ஓர் உருவம் தலைகீழாக இருக்கும். கால் மேலே, கை கீழே. இது தேனீத் தெய்வம் என்று ஒரு சாரார், வெள்ளிக் கிரகம் என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். வழிகாட்டியிடம் அவர் பக்கத்துக் கதையைக் கேளுங்கள். கொட்டாத மெலிபோனா தேனீயை மாயா குடும்பங்கள் இன்றும் மரத்துண்டுக்குள் வளர்ப்பதால், தேனீக் கதையைச் சொல்பவர் பெரும்பாலும் ரசித்துச் சொல்வார்.

பிறகு பாறை விளிம்புக்குப் போய் எல் காஸ்தில்லோவுக்குக் கீழே பாருங்கள். சிறிய மணல் வளைவு ஒன்று தெரியும். இந்த ஊரின் உயிரே அங்கேதான். கரைக்கு இணையாக நீண்டு கிடக்கும் பவளப்பாறைத் தொடரில் இந்த வளைவுக்கு நேரே ஒரு இடைவெளி உண்டு. தோணிகள் அதன் வழியாக நுழைந்து மணலில் ஏறின. குவாதமாலாவிலிருந்து எரிமலைக் கண்ணாடிக் கல் வந்தது, இங்கிருந்து உப்பும் துணியும் போயின. கொலம்பஸ் தன் நான்காம் பயணத்தில், 1502-ல், ஹோண்டுராஸ் அருகே இப்படி ஒரு வியாபாரத் தோணியைப் பார்த்தார். அதில் துணிகள், செம்பு மணிகள், கொக்கோ விதைகள் இருந்தன. ஒரு கொக்கோ விதை கீழே விழுந்தாலும் தோணிக்காரர்கள் பதறிக் குனிந்து எடுத்தார்கள் என்று கொலம்பஸின் மகன் பதிவு செய்திருக்கிறார். கொக்கோ அவர்களுக்குப் பணம்.

கற்களின் மேல் வெயில் காயும் பெரிய உடும்பு போன்றவை முள்வால் இகுவானாக்கள். தொடாதீர்கள், தின்னக் கொடுக்காதீர்கள்.

படி 5: மூயில், கோயிலிலிருந்து காட்டுக்குள்

துலுமிலிருந்து 307-ம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே அரை மணி நேரத்துக்குள் மூயில். கூட்டம் சட்டென்று காணாமல் போய்விடும். துலுமை விடப் பல நூற்றாண்டுகள் பழைய ஊர் இது, கி.மு. காலத்திலேயே குடியிருப்பு இருந்தது. இங்குள்ள காஸ்தில்லோ சுமார் 17 மீட்டர் உயரம், துலுமில் பார்த்ததைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் சுற்றிலும் மரங்கள் என்பதால் பக்கத்தில் போகும்வரை தெரியாது.

கோயில்களைத் தாண்டியதும் ஏரி வரை காட்டுப் பலகைப் பாதை. இதற்குத் தனிக் கட்டணம், கிராமத்துக்குப் போகிறது. வழியில் மரக் கோபுரம் ஒன்று உண்டு. ஏறினால் காடு முடிந்து ஏரி தொடங்கும் கோடு தெரியும். ஏணி செங்குத்தானது, உயரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் கீழேயே நிற்கலாம்.

இந்தக் காட்டில் வழிகாட்டி இல்லாமல் எந்த மரத்தையும் தொடாதீர்கள். செச்செம் என்ற மரத்தின் கரும்பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். சிவந்த பட்டை உரிந்து நிற்கும் சாகா மரம் அதற்கு மருந்து என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லி இரண்டையும் காட்டுவார்கள். சப்போட்டா மரத்தையும் காட்டச் சொல்லுங்கள். நம் ஊர்த் தோட்டங்களில் காய்க்கும் அதே மரத்துக்குத் தாய்வீடு இந்தப் பகுதிதான். மாயா கட்டடக்காரர்கள் அதன் கட்டையைக் கோயில் வாசல்களுக்கு உத்தரமாக வைத்தார்கள். பட்டையைக் கீறி வடித்த பால்தான் சிக்லே, சூயிங்கத்தின் பழைய மூலப்பொருள். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்தக் காடுகளில் அதற்காகவே ஆட்கள் முகாமிட்டார்கள். மரங்களில் அந்தக் கீறல் தழும்புகளை இப்போதும் பார்க்கலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். "அழிந்துபோன மாயா இனம்" என்று தமிழில் எத்தனை கட்டுரைகள்! உங்களுக்கு மரம் காட்டுபவர் மாயா, படகு ஓட்டுபவர் மாயா, அவர்களுக்குள் பேசிக்கொள்வது யுகாத்தேக் மாயா மொழி. 2020 மெக்சிகோ மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏழே முக்கால் லட்சம் பேர் அதைப் பேசினார்கள். 1847-ல் இதே மக்கள் நில உரிமைக்காக எழுந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் போராடினார்கள். 1870-களில் துலும் இடிபாடுகளே அவர்களுடைய வழிபாட்டிடமாக இருந்தது. வழிகாட்டியிடம் அவர் தாத்தா பாட்டி எந்த ஊர், என்ன பயிரிட்டார்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். பலகையில் எழுதியிராத விஷயங்கள் அப்போதுதான் வெளியே வரும்.

படி 6: கால்வாயில் மிதப்பது

படகு மூயில் ஏரியைக் கடந்து, ஒரு குறுகிய கால்வாய் வழியாக அடுத்த ஏரியான சுன்யாஷ்சேக்குப் போகும். ஏரிகளை இணைக்க மாயா மக்கள் வெட்டிய வழி அது. அதன்பின் வரும் நீரோடைக் கரையில் ஷ்லபாக் என்ற சிறிய கல் கட்டடம் நிற்கும். கடலிலிருந்து உள்ளே வந்த தோணிகள் இந்த வழியாகத்தான் போயின என்பதால் இதைச் சுங்கச் சாவடி என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். காலையில் துலும் பாறை மேலிருந்து பார்த்தது இந்த வழியின் கடல்முனை; இப்போது நிற்பது உள்முனை.

இங்கேதான் தண்ணீரில் இறங்குவது. லைஃப் ஜாக்கெட்டை மார்பில் போடாதீர்கள். தலைகீழாகத் திருப்பி, கை நுழைக்கும் ஓட்டைகளில் காலை நுழைத்து, இடுப்பில் கொக்கியை மாட்டுங்கள். இப்போது நாற்காலியில் உட்காருவதுபோல் தண்ணீரில் உட்காரலாம். கழுத்து இறுகாது, கை இரண்டும் விடுதலை. நீச்சல் தெரியாதவர்கள் முதலில் படிக்கட்டைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்து பழகிவிட்டு, பிறகு கையை விடுங்கள். அது ஒத்துவராவிட்டால் வழக்கம்போல் மார்பில் அணியலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நீந்த வேண்டியதே இல்லை. ஓட்டம் மெதுவாக உங்களைக் கொண்டுபோகும்.

பிச்சாவரத்தில் படகில் போனவர்களுக்குக் கரையில் நிற்கும் மரங்கள் உடனே பிடிபடும். சுரபுன்னை இனம்தான், அதே வளைந்த முட்டுவேர்கள். தண்ணீர் மட்டும் வேறு. இந்த யுகாத்தான் தீபகற்பம் முழுவதும் சுண்ணாம்புப் பாறை. மழைநீர் ஆறாக ஓடாமல் பாறைக்குள் இறங்கி, குகைகளில் வடிகட்டப்பட்டு, ஊற்றாக வெளிவருகிறது. அதனால் அடித்தரை வரை தெளிவாகத் தெரியும். காலைத் தரையில் ஊன்றாதீர்கள். ஊன்றினால் வெண்சேறு புகைந்து எழும், பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது, சேற்றில் வாழும் நுண்ணுயிர்களும் கலையும். வேர்களைப் பிடித்து நிற்கவும் கூடாது.

முதலை உண்டா என்று எல்லோரும் கேட்பார்கள். காப்பகத்தில் உண்டு. அதனால்தான் வழிகாட்டி காட்டும் இடத்தைத் தவிர எங்கும் இறங்கக் கூடாது. சியான் காஆன் 1986-ல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் 1987-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாகவும் அறிவிக்கப்பட்டது. பரப்பு ஐந்து லட்சம் ஹெக்டேருக்கு மேல். நாம் மிதந்து போவது அதில் ஒரு நூலிழை.

மிதக்கும்போது பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்று குழுவில் முன்பே சொல்லிவிடுங்கள். கொக்குகள் ஆள் சத்தம் கேட்டால் பறந்துவிடும். சத்தம் இல்லாவிட்டால் அப்படியே நின்றுகொண்டிருக்கும்.

படி 7: சாப்பாடும் திரும்புவதும்

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: கறுப்பு பீன்ஸ் மசியலில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது இங்கே வழக்கம். "சின் கார்னே, சின் மந்தேகா" என்று சொல்லுங்கள். இறைச்சி, கொழுப்பு இரண்டும் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். வறுத்த பூசணி விதையும் தக்காளியும் அரைத்த சிகில் பாக் என்ற துவையலை சோள தொர்தியாவோடு கேளுங்கள், நம் நாக்குக்குச் சரியாக ஒத்துப்போகும். மேஜையில் இருக்கும் ஹபனேரோ சட்னியை மட்டும் துளி தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

வழிகாட்டிக்கும் படகோட்டிக்கும் தனித்தனியாக, பெசோவில் டிப்ஸ் கொடுங்கள். தனியாக வந்தவர்கள் மூயிலில் நெடுஞ்சாலைக்கு வந்து துலும் போகும் கொலெக்டிவோ வேனைக் கைகாட்டி நிறுத்தலாம். மாலை ஆக ஆக வண்டிகள் குறையும் என்பதால் காலையிலேயே வழிகாட்டியிடம் கடைசி வண்டி எப்போது என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.