முழங்கால் வலியும் அழற்சிக் குறியீடுகளும்: பரிசோதனை அறிக்கையைப் படிக்கும் முறை

மூட்டுத் தேய்மானத்தின் தொடக்க நிலையை உறுதிசெய்யும் தனியொரு இரத்தப் பரிசோதனை வழக்கமான மருத்துவத்தில் இன்னும் இல்லை என்பதை மனத்தில் கொண்டே அறிக்கையைப் பிரிக்க வேண்டும். முதலில், உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இரத்தக் குறியீடுகளான சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். அளவுகளைப் பாருங்கள். தேய்மானத்தில் இவை பெரும்பாலும் இயல்பாகவோ சற்றே கூடியோ இருக்கும்; வெகுவாக உயர்ந்திருந்தால் முடக்குவாதம், தொற்று போன்றவற்றை மருத்துவர் தேடுவார். உடற்பருமனும் ஈறு நோயும்கூட சி.ஆர்.பி.யை உயர்த்தும். தொற்றும் அதை உயர்த்துவதால், காய்ச்சல் கண்ட வாரத்தில் இரத்தம் கொடுப்பது, என் கருத்தில், வீண்செலவு.

ஆய்வுகளில் அளக்கப்படும் ‘காம்ப்’ என்னும் குருத்தெலும்புப் புரதம் நடந்தாலே இரத்தத்தில் கூடுவதால், அரை மணி நேரமாவது அமர்ந்து ஓய்வெடுத்த பின்னரே மாதிரி கொடுக்க வேண்டும். குருத்தெலும்பு சிதைவதைக் காட்ட, சிறுநீரில் அளக்கப்படும் சி.டி.எக்ஸ்.-2 என்னும் குறியீடு நாளின் பொழுதுக்கேற்ப மாறும். ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில், பொதுவாகக் காலையின் இரண்டாவது சிறுநீரைச் சேகரிப்பது நல்லது.

மூட்டு வீங்கியிருந்தால், ஊசியால் எடுக்கப்படும் மூட்டுநீரே இவை எல்லாவற்றையும்விடத் தெளிவாகப் பேசும். தேய்மானத்தில் அது வைக்கோல் நிறத்தில் தெளிந்து, ஊசிமுனையிலிருந்து இழையாக நீண்டு சொட்டும். வெள்ளணுக்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரோலிட்டருக்கு 2,000-க்குக் கீழே இருக்கும். காலை விறைப்பு 30 நிமிடத்துக்குள் தளர்கிறதா என்பதையும் குறித்துவைத்து, அறிக்கையுடன் மருத்துவரிடம் காட்டுங்கள்.